கல்பாசிக்கு ஒரு விலக்கு

காலை ஆறரை மணி ஊதல் நேரம். உய்யக்கொண்டான் குருதி நலமனையின் மூன்றாம் மாடியில் இருபத்தெட்டு நோயாளிகளும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலைமாட்டில் தொங்கிய மூச்சறிவானின் குழலை வாயில் வைத்து, பத்து எண்ணும் வரை ஊதினார்கள். இருபத்தெட்டு பச்சை விளக்குகள் எரிந்தன. டாக்டர் சிகப்பி நடைவழியின் கோடியில் நின்று அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தாள். தினம் பார்ப்பதுதான். ஆனாலும், தான் நட்ட நாற்று வேர்பிடித்து நிற்பதைப் பார்க்கிறவளைப் போல அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நிறைவு வரும்.

அந்த நிறைவுக்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து, புற்றோடு சேர்த்து வெள்ளை அணுக்களையும் துடைத்துவிடும். அடுத்த மூன்று நான்கு வாரம் உடம்பு கதவில்லாத வீடு. நீங்களும் நானும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் பூஞ்சை வித்துகளை மூச்சில் இழுக்கிறோம். உள்ளே போனதும் அவை செத்துத் தொலைகின்றன. வெள்ளை அணு இல்லாதவருக்குள் போனால் முளைத்துவிடும். மூக்கில் முளைத்தது கண்ணுக்குப் போகும், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும். அந்தக் காலத்தில் ஊடுகதிர்ப் படத்தில் வெள்ளைத் திட்டு தெரிவதற்குள் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பூஞ்சை தின்று வளரும்போது ஒரு வாசனை விடும், அது மூச்சில் வெளியே வரும் என்பதைப் பிடித்துக்கொண்டு, முப்பது பூஞ்சைகளை வளர்த்து, ஒவ்வொன்றின் வாசனையையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் சிகப்பி. படத்தில் தெரிவதற்கு ஐந்து நாள் முன்பே மூச்சறிவான் கண்டுபிடித்துவிடும். எந்தப் பூஞ்சை, எந்த மருந்து, எத்தனை சொட்டு எல்லாவற்றையும் அதுவே சொல்லும்.

நான்கு வருடமாக அந்த மாடியில் பூஞ்சையால் ஒருவர்கூடச் சாகவில்லை. இந்த வாக்கியத்தைச் சிகப்பி தினமும் ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லாமல் இருக்க மாட்டாள். அப்புறம் மூச்சறிவான் ஊரெல்லாம் பரவியது. பள்ளிக்கூட வாசலில், பேருந்து நிலையத்தில், கல்யாண மண்டபத்தில், அரிசி மண்டியில் எங்கு பார்த்தாலும் ஒரு குழல் நீட்டிக்கொண்டிருந்தது. ஊதிவிட்டு உள்ளே போவது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மாதிரி ஆகிவிட்டது.

அன்று பச்சை விளக்குகளைப் பார்த்து முடித்ததும் சிகப்பி வழக்கம்போல ஏடுகளைப் புரட்டினாள். பதினோராம் கட்டிலின் ஏட்டில் அவள் விரல் நின்றது. பச்சைதான். ஆனால் அடியில், பொடி எழுத்தில், “விலக்கு 1 – அளவு 9” என்றிருந்தது. முந்தின நாள் ஐந்து. அதற்கு முந்தின நாள் மூன்று. அதற்கும் முன் மூன்று நாள் ஒன்றும் இரண்டுமாக, கண்ணில் படாத அளவு.

சிகப்பிக்கு மூக்கில் வேர்த்தது. “நெனைச்சேன்,” என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தாள்.

விலக்கு 1 என்றால் கல்பாசி. பாறையிலும் மரப்பட்டையிலும் கறுத்த பொருக்காக ஒட்டி வளருமே, செட்டிநாட்டுக் குழம்பில் எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுமே, அதுதான். பார்க்கப் பட்டை மாதிரி இருந்தாலும் அது பாதி பூஞ்சை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் பிறவி. மூச்சறிவான் வந்த முதல் வருடம், காரைக்குடியில் சிகப்பியின் ஒன்றுவிட்ட தம்பி கல்யாணத்தில், பந்தி முடிந்து வெளியே வந்த அறுநூறு பேருக்கும் சிவப்பு எரிந்தது. மாப்பிள்ளை உட்பட. மண்டபமே சிகப்பியைப் பார்த்துச் சிரித்தது. “சிகப்பி மெசின் நல்லாத்தான் மோப்பம் பிடிக்குது, சமைச்ச ஆச்சிக்குத்தான் சீக்குப் போல!” என்று பெரியப்பா ஒருவர் சொன்னது இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது. மறுநாளே தன் கையால் இயந்திரத்தில் ஒரு விலக்குப் பட்டியல் தொடங்கினாள். பட்டியலில் இருக்கும் மணம் வந்தால் பார்த்தும் பாராமல் பச்சை காட்டி, ஏட்டில் மட்டும் குறித்துவிட வேண்டும். முதல் வரி, கல்பாசி. அதைக் கேள்விப்பட்டு ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஊர்ச் சரக்குக்கும் விலக்கு கேட்டு வந்தார்கள். இப்போது பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். இயந்திரத்துக்கு மரியாதை கற்றுக்கொடுத்ததாகச் சிகப்பி மேடைகளில் சொல்லுவாள், கைதட்டல் விழும்.

பதினோராம் கட்டில் ஆவுடைநாயகம். தென்காசிப் பக்கம் தென்னைநார் ஆலையில் மேற்பார்வையாளர், நாற்பத்தோரு வயது. மருந்தேற்றிப் பதினேழு நாளாகிறது. வெள்ளை அணு இன்னும் பூஜ்யம். மாடியில் நோயாளிகளுக்குக் கொடுப்பது கதிர்ச்சோறு மட்டும்தான். கதிர்வீச்சில் கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் அடைத்து வரும் சோறு. அதன் ருசியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. அதனால் வீட்டுச் சாப்பாட்டைக் கடத்துவது அங்கே ஒரு வாடிக்கையாகிவிட்டது. பூக்கூடைக்கு அடியில் சுக்கா வறுவல் வந்திருக்கிறது. ஒருத்தர் தலையணை உறைக்குள் வறுத்த கோழி இருந்தது. எல்லோரையும் கையும் களவுமாகப் பிடித்தது விலக்குப் பட்டியல்தான்.

ஆவுடைநாயகத்தின் மனைவி செண்பகம் வாசலுக்கு வெளியே இருந்த நீளமான மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதினேழு நாளாக அந்தப் பெஞ்சுதான் அவள் வீடு.

“என்னம்மா கொண்டாந்து குடுத்தீங்க அவருக்கு?” என்றாள் சிகப்பி, எடுத்த எடுப்பிலேயே.

“நானா? ஒண்ணும் குடுக்கலையே டாக்டரம்மா.”

“கோழிக் குழம்பா, கறிக் குழம்பா? அதை மட்டும் சொல்லுங்க.”

“என்ன சொல்லுதீங்க? நாங்க சைவம்லா.”

“சரி, காளான் குருமா. எதுவா இருந்தா என்ன, கல்பாசி போட்டிருக்கீங்க. அவரு மூச்சே சொல்லுது. ஒரு வித்து உள்ள போனாப் போதும், அவரு உயிரு போயிரும். பாசம்னு நெனைச்சு விஷம் வைக்காதீங்க.”

செண்பகத்தின் முகம் சுருங்கிப் போனது. அப்புறம், “கல்பாசின்னா என்னது டாக்டரம்மா?” என்று கேட்டாள்.

சிகப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பிறந்து, கல்யாணமாகி, குடும்பம் நடத்துகிற ஒரு பொம்பளைக்குக் கல்பாசி தெரியாதாம்! கேட்கிறவள் கேனை என்றால் என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்கள் போலிருக்கிறது. “நாளையிலிருந்து உங்க பையைச் சோதிச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

மறுநாள் அளவு பதினாறு.

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஆவுடைநாயகத்துக்குக் காய்ச்சல் அடித்தது. ரத்த மருத்துவர் மெஹருன்னிசா பாக்டீரியா என்று நினைத்து அதற்கு மருந்து ஏற்றியிருந்தாள். “மூக்குக்கு மேல ஒரு பாரமா கெடக்கு,” என்று ஆவுடைநாயகம் சொன்னான். “சளின்னா சிந்திரலாம். இது என்னமோ உள்ளேயே ஒக்காந்திருக்கு.” அவன் இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

சிகப்பி கோபத்தோடு வாசலுக்கு வந்தாள். செண்பகத்தின் பை பெஞ்சில் இருந்தது. இவள் கேட்பதற்கு முன்னால் அவளே அதைத் திறந்து, மாற்றுச் சேலை, திருநீற்றுப் பொட்டலம், சீப்பு, கடைசியில் ஒரு தூக்குவாளி எல்லாவற்றையும் பெஞ்சில் பரப்பி வைத்தாள்.

“இது நான் சாப்பிடதுக்கு வச்சிருக்கது. பக்கத்துத் தெருவுல சித்தி மவ வீட்டுல பொங்கினது. சொதியும் இஞ்சிப் பச்சடியும். நல்லா மோந்து பாருங்க. உங்களுக்கு என்ன வாசனை வேணுமோ அது இருக்கான்னு பாருங்க.” கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்றைக்கு அவள் அழுகிற நிலைமையைத் தாண்டியிருந்தாள்.

சிகப்பி மூடியைத் திறந்தாள். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், எலுமிச்சம்பழம். மோந்து பார்த்தாள். அப்புறம், ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். சோம்புகூட இல்லை. மிளகாயின் காரம்கூடப் பச்சை மிளகாய்க் காரம். காரைக்குடி நாக்குக்கு அது வேறு நாட்டுச் சமையல்.

அவள் வாசலில் இருந்த மூச்சறிவானின் ஏட்டை எடுத்தாள். செண்பகம் பதினெட்டு நாளும் அந்தக் குழலில் ஊதிவிட்டுத்தான் புருஷனைப் பார்க்கப் போயிருக்கிறாள். பதினெட்டு வரிகள். ஒன்றில்கூட விலக்கு 1 இல்லை.

சிகப்பி ஏட்டை மூடினாள். இந்தப் பெண்ணுக்குக் கல்பாசி உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தன் வீட்டு அடுக்களையில் இருப்பது எல்லார் வீட்டு அடுக்களையிலும் இருக்கும் என்று நினைத்தது தன் அறியாமை. இவள் கல்பாசி கொடுக்கவில்லை என்றால், உள்ளே கட்டிலில் கிடப்பவன் அதைத் தின்னவில்லை. தின்னாதவன் மூச்சில் நாளுக்கு நாள் அந்த மணம் ஏறுகிறது என்றால், அந்த மணத்தை விடும் ஏதோ ஒன்று அவன் மூக்குக்குள் உட்கார்ந்து வளர்கிறது.

இயந்திரம் ஒரு வாரமாக அதைக் கண்டுகொண்டேதான் இருந்திருக்கிறது. கண்டாலும் சொல்லாதே என்று அதன் வாயைக் கட்டிவைத்தவள் சிகப்பி.

“மன்னிச்சிருங்க செண்பகம்,” என்றாள். நாலு பேர் இருக்கும் இடத்திலேயே, சத்தமாகச் சொன்னாள். “நேத்து நான் சொன்னது தப்பு. நீங்க ஒண்ணும் குடுக்கல.”

“மன்னிப்பு கெடக்கட்டும் டாக்டரம்மா. அவுகளைப் பாருங்க,” என்றாள் செண்பகம்.

மெஹருன்னிசா லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. “பச்சை எரியுது சிகப்பி. நாலு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அவருக்கு ரத்தத் தட்டணு எவ்வளவு கம்மி தெரியுமா? மூக்குல கத்தி வெச்சா ரத்தம் நிக்காது.”

“தப்பினது மெசின் இல்ல, நான். பொய் சொல்லுன்னு அதுக்கு நான்தான் கத்துக்குடுத்தேன். அஞ்சு நாள் முன்னாடியே சொல்ற மெசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, ஒரு வாரத்தைத் தின்னுட்டேன். இன்னும் ஒரு நாள் போனா கண்ணு போயிரும்.”

மெஹருன்னிசா போனை எடுத்து, மூக்கு அறுவை மருத்துவரையும், ரத்தத் தட்டணு நாலு பையையும் வரச் சொன்னாள்.

அரைமணியில் ஆவுடைநாயகத்தின் மூக்குக்குள் குழாய்க் கண்ணாடி போனது. உள்ளே ஒரு மூலையில், புளியங்கொட்டை அளவுக்குக் கறுத்துக் கிடந்தது. அறுவை மருத்துவர் அதை வழித்து எடுத்தார், சுற்றியிருந்த எலும்பையும் சுரண்டினார். ஒரு துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்துச் சிகப்பியிடம் நீட்டினார்.

இனிமேல்தான் வேடிக்கை. அதை வைத்துப் பார்க்க நலமனையில் நுண்ணோக்கி இல்லை. பூஞ்சை வளர்க்கும் கூடம் இருந்தது. மூச்சறிவான் வந்த பிறகு தேவையில்லை என்று மூடி, ஊழியர் உணவகமாக மாற்றியாகிவிட்டது. மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் சிகப்பியே. நுண்ணோக்கி கீழ்த்தளத்தில், முகப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள், ‘நம் முன்னோர் பயன்படுத்திய கருவிகள்’ என்ற பலகையோடு கொலுவிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். சிகப்பி பார்த்தாள், பக்கத்திலிருந்த தீயணைப்பு உருளையைத் தூக்கிக் கண்ணாடியில் ஒரே போடு. காவலர் ஓடிவந்து, இன்னார் என்று தெரிந்ததும் சல்யூட் அடித்தார்.

கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு காரக் கரைசல் விட்டு, கண்ணை வைத்துப் பார்த்தாள். திசுக்களுக்கு நடுவே மெல்லிய நூல்கள், கிளைகிளையாகப் பிரிந்து ஓடின. பூஞ்சை. சந்தேகமே இல்லை. ஆனால் எது? நூலை மட்டும் பார்த்துப் பேர் சொல்ல முடியாது. வழக்கமான பூஞ்சைக்குக் கொடுக்கும் மருந்து அரிய பூஞ்சைகளில் பலவற்றுக்குப் பச்சைத்தண்ணீர் மாதிரி. தவறான மருந்து கொடுத்துக் காத்திருக்க ஆவுடைநாயகத்திடம் நாள் இல்லை. வளர்த்துப் பார்க்க வேண்டும். எதில் எப்படி வளர்ப்பது?

நேரே உணவகத்துக்குப் போனாள். பழைய கதகதப்புப் பெட்டி அங்கேதான் இருந்தது, வேலையும் செய்துகொண்டிருந்தது. உணவகத்துக்காரர் அதில் இட்லி மாவு பொங்க வைத்திருந்தார்.

“மாவை எடுங்க.”

“மேடம், நாளைக்கு எரநூறு பேருக்கு இட்லி!”

“நாளைக்கு எல்லாருக்கும் உப்புமா. உருளைக்கெழங்கு அரைக் கிலோ, சர்க்கரை, கடல்பாசி. ஓடுங்க.”

பூஞ்சை வளர்க்கும் கூடங்களில் ஆதிகாலத்திலிருந்து இதுதான் தீனி. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை, அதை உறைய வைக்க கடல்பாசி. சிகப்பி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு உணவக அடுப்பில் காய்ச்சினாள், அழுத்தச் சட்டியில் வைத்துக் கிருமி நீக்கினாள், அறுவைக்கூடத்திலிருந்து வந்த மூடித் தட்டுகளில் ஊற்றினாள். இருபது வருடத்துக்கு முன் படித்த வேலை, கை மறக்கவில்லை. நாலு தட்டுகளில் தட்டுக்கு ஒரு மருந்தாகக் கலந்தாள். ஐந்தாவது தட்டில், படிக்கிற காலத்தில் ஒரு பழைய ஆய்வில் பார்த்த ஞாபகத்தில், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கலந்தாள். துணுக்கைப் பிரித்து எல்லாவற்றிலும் வைத்து, மாவிருந்த இடத்தில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

மூன்று நாள். கறுத்ததை வழித்து எடுத்ததில் கண்ணுக்குக் கிடைத்த அவகாசம் அது. அந்த மூன்று நாளும் சிகப்பி செண்பகத்தோடு அந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. “எனக்குப் பயமா இருக்கு செண்பகம்,” என்றே சொன்னாள்.

“எனக்கும்தான். ஆனா நேத்துவரைக்கும் நான் ஒத்தையில பயந்துகிட்டுக் கெடந்தேன். இன்னைக்கு ரெண்டு பேரு. பரவாயில்ல,” என்றாள் செண்பகம்.

மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது நாலு தட்டுகளில் கரும்பச்சைக் கம்பளி விரித்திருந்தது. எந்த மருந்தையும் அது மதிக்கவில்லை. ஐந்தாவது தட்டு வெறுமையாக இருந்தது. சிகப்பி அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வைத்த துணுக்கு வைத்தபடி கிடந்தது, ஒரு நூல்கூட ஓடவில்லை. நுண்ணோக்கியில் வித்துத் தாங்கிகள் கழுத்து நீண்ட சின்னக் குடுவைகளைப் போல இருந்தன. குடுவைப் பூஞ்சை. பாடப்புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில் அரைப் பக்கம் வருமே, அது. தென்னைநார்த் தூசியில் சும்மா கிடக்கும் பிறவி. மூச்சறிவானுக்குச் சொல்லிக்கொடுத்த முப்பது பூஞ்சைகளில் அது இல்லை. இவ்வளவு அரியதற்கு எதற்கு மெனக்கெட என்று விட்டவளும் இவள்தான். மூடியை லேசாகத் திறந்தாள். அவளுக்குத் தன் வீட்டு அடுக்களை ஞாபகம் வந்தது. அச்சு அசலாகக் கல்பாசி வாசனை.

இரண்டு மருந்துகளும் அன்று காலையே ஏறின. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பன்னிரண்டாம் நாள் ஆவுடைநாயகத்தின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எட்டிப் பார்த்தன. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. “மூக்குக்குள்ள இருந்த குடித்தனக்காரன் காலி பண்ணிட்டான் போல,” என்று அவன் சொன்னபோது மெஹருன்னிசா வாய்விட்டுச் சிரித்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சிகப்பிக்கு இன்னொரு மேடைப் பேச்சு கிடைத்திருக்கும். ஆனால் பட்டியல் பட்டியலாகவே இருந்ததே! இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எந்தப் பூஞ்சை ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? சிகப்பி ஒரு வேகத்தில் ஒருநாள் காலை பட்டியலை முழுவதும் அழித்தாள். எட்டு மணிக்குள் திருச்சியில் மட்டும் பதினாலாயிரம் பேருக்குச் சிவப்பு எரிந்தது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பின. பிரியாணி சாப்பிட்டவர்கள் எல்லாம் மருத்துவமனை வாசலில் வரிசை கட்டினார்கள். பதினொரு மணிக்குப் பட்டியலை மறுபடி போட்டாள். ஆனால் கூடவே ஒரு விதியும் எழுதினாள்.

சாட்சி விதி என்று அதற்குப் பேர் வந்தது. பட்டியலில் இருக்கும் மணம் மூச்சில் வந்தால், அவர் அதைச் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்த ஒருவர் குழலுக்கு முன்னால் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் பச்சை. சொல்ல ஆளில்லை என்றால் சிவப்பு. மூன்று நாள் அந்த உணவைத் தொடாமல் இருந்து, தொடவில்லை என்று சொல்லும் சாட்சியோடு மறுபடி ஊத வேண்டும். உலகத்திலேயே கூர்மையான மூக்கு என்று பேர் வாங்கிய இயந்திரம், கடைசியில், ‘இவர் என்ன சாப்பிட்டார்?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்படி ஆனது. ஒரு பெண்ணின் சொல்லை நம்பாததால் வந்த வினை இது, இனி மனிதர் சொல்லை முதலில் கேட்க வேண்டும் என்று சிகப்பி பிடிவாதமாக நின்றாள். எல்லா ஊர்களும் ஏற்றுக்கொண்டன.

ஆறு மாதத்தில் ஊரின் பழக்கமே மாறிவிட்டது. யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. உணவகங்களில் ஒற்றை நாற்காலி மேசைகளை எடுத்துவிட்டு நீள மேசை போட்டார்கள். முகம் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, “நீங்க பாத்தீங்கல்ல, நான் குருமாதான் சாப்ட்டேன்,” என்று சொல்லிக்கொண்டார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். எல்லாம் சிகப்பியின் புண்ணியம் என்று பத்திரிகைகள் எழுதின. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் மாடி வாசலில் சிகப்பி ஊதினாள். சிவப்பு எரிந்தது. ‘விலக்கு 1. சாட்சி?’ என்றது இயந்திரம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். கல்பாசியை வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிள்ளிப் போட்டிருந்தாள். ஆறு மாதமாக நலமனையில், கூட்டங்களில், மேடை விருந்துகளில் பத்துப் பேரோடு சாப்பிட்டுப் பழகியதில், விடுமுறை நாளில் தன் வீட்டில் தன் எதிரே யாருமில்லை என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

“மேடம், நேத்து யாரு கூடச் சாப்ட்டீங்க?” என்று கேட்டாள் வாயிற்காவலர் ஞானசௌந்தரி.

“தனியாத்தான்.”

“அப்ப சாட்சி?”

“குழம்பு வெச்சவ நான், சாப்ட்டவ நான். எனக்கு ஒரு சீக்கும் இல்ல. இந்த விதியை எழுதினவளே நான்தாம்மா.”

“அதனாலதான் மேடம் நல்லா யோசிச்சு எழுதியிருப்பீங்கன்னு நெனைக்கிறேன்,” என்றாள் ஞானசௌந்தரி. மரியாதையாகத்தான் சொன்னாள். கதவு மட்டும் திறக்கவில்லை.

உள்ளே இருபத்தெட்டு பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். இவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அப்போது மின்தூக்கி திறந்தது. ஆவுடைநாயகமும் செண்பகமும் சோதனைக்கு வந்திருந்தார்கள். அவனுக்குத் தலைமுடி சுருள் சுருளாக முளைத்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது, இந்தத் தடவை சாப்பாட்டால். சிகப்பிக்குப் போன உயிர் வந்தது.

“செண்பகம், நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. நேத்து நான் கத்தரிக்காய்க் குழம்பு சாப்ட்டேன், கல்பாசி போட்டதுன்னு. அவ்வளவுதான்.”

செண்பகம் குழலைப் பார்த்தாள், சிகப்பியைப் பார்த்தாள்.

“நான் பாக்கலையே டாக்டரம்மா.”

“என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

“தெரியும். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னும் தெரியும். ஆனா பாக்காததைப் பாத்தேன்னு எப்படிச் சொல்லுவேன்? நான் பொய் சொன்னாலும் உங்க பொட்டி நம்பிரும்லா. அதான் பயமா இருக்கு.”

இவள் ஒரு தடவை பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால், அன்றைக்கு ஏச்சுக்குப் பயந்து, ‘ஆமா டாக்டரம்மா, தெரியாமக் குடுத்துட்டேன்’ என்று சொல்லிக் காலில் விழுந்திருப்பாள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆவுடைநாயகமும் முடிந்திருப்பான். சிகப்பிக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்பத்தாறு வயதில், இத்தனை ஊருக்கு மூச்சு வாசித்தவளுக்கு, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டாள் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

“இவுக உள்ள போயிட்டு வரட்டும்,” என்று சொல்லிவிட்டுச் செண்பகம் மரப்பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். சிகப்பி உட்கார்ந்தாள்.

“மூணு நாள்தானே? அந்தச் சித்தி மவ வீட்டுலதான் தங்கியிருக்கோம். மூணு நாளும் அங்க வந்து சாப்பிடுங்க. எங்க சமையல்ல உங்க பாசியெல்லாம் கெடையாது, பாத்துக்கிடுங்க.” பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து மூடியில் சோற்றை வைத்து, சொதியை ஊற்றி நீட்டினாள். “இன்னைக்கு இப்பவே ஆரம்பிச்சிருவோம். காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, முகத்தைப் பாத்தாலே தெரியுது.”

சிகப்பி ஒரு வாய் எடுத்து வைத்தாள். காரமும் இல்லை, மசாலாவும் இல்லை. நன்றாக இருந்தது.

செண்பகம் அவள் சாப்பிடுவதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“வியாழக்கிழமை உங்க பொட்டி கேக்கும்லா,” என்றாள் செண்பகம். “நல்லாப் பாத்து வச்சிக்கிடுதேன்.”